சார்ந்த நிறுவனம்

திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில்
நீட்டிய படிவத்தின் ஆறாவது கட்டம்:
சார்ந்த நிறுவனம்.

பெயர் எழுதியாயிற்று, டெல்பின் மேரி.
வயது நாற்பத்து நான்கு.
ஆய்வுப் பொருள்: ‘விளை’ என்று முடியும் ஊர்கள்.
ஆறாவதில் பேனா நின்றது.

மின்வாரியம் என்று எழுதலாமா?
தக்கலைப் பிரிவில் கணக்கீட்டாளர்.
மீட்டரைக் குறித்துக்கொண்டு
படியிறங்கும்போது கேட்பேன்,
‘இந்த விளைக்கு என்ன பேரு?’
கேஸ் போடத்தான் கேட்கிறாள் என்று
முதலில் பயந்தார்கள்.
பிறகு சொன்னார்கள்.
குருசடிவிளை. ஆனைகெட்டிவிளை.
ஒரு புளியமரமும் இல்லாத புளியவிளை.
யாரென்று எவருக்கும் தெரியாத
சாத்தாங்குட்டியின் விளை.

ரீடிங் நோட்டின் பின்பக்கங்களில்
பதினோரு வருஷம்,
அறுநூற்றுப் பன்னிரண்டு விளைகள்.

கவுண்டரில் இருந்தவர் கெட்டவர் இல்லை.
ஒரு கடிதம், ஒரு லெட்டர்பேடு, ஒரு சீல்.
‘அது மதி’ என்றார்.
அவருக்கு அது போதும் என்று பொருள்.
எனக்கு அறிவு என்றும் பொருள்.
படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.
பாசஞ்சர் ரயில் பாறசாலையில்
வெகுநேரம் நின்றது.

மார்த்தாண்டத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு,
டுட்டோரியல் மாடி.
இரும்புப் பாலத்தில் லாரி ஏறினால்
கரும்பலகை லேசாக நடுங்கும்.
ஏழு பேர்.
இனயத்து ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் ததேயுஸ்
கடலின் நீவாடுகளுக்கு எத்தனை பெயர் என்று
எண்ணிக்கொண்டிருக்கிறார்.
மருந்துக் கம்பெனி கோலப்பன்
டாக்டருக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம்
குளத்து நத்தைகளை வரைகிறார்.
ஆளுக்கு நூறு ரூபாய் போடுகிறோம்.
அது ஒருவருடைய ரயில் டிக்கெட்,
இன்னொருவருடைய ஜெராக்ஸ்,
சில மாதம் ஏழு சாயாவும் பழம்பொரியும் மட்டும்.

திருவிதாங்கோட்டில் துணி தைக்கிற ஹமீதா பீவிதான்
என் முதல் நாற்பது பக்கத்தை வாசித்துவிட்டு,
‘இது பட்டியல். ஆய்வு எங்கே?’ என்றவள்.
அன்று பஸ்ஸில் அழுதேன்.
பதினோரு வருஷத்தில்
யாரும் எனக்குத் தராத ஒன்றை
அவள் தந்திருக்கிறாள் என்பது
அழகியமண்டபம் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

படிவத்தை மேசையில் வைத்தேன்.
டுட்டோரியலின் லெட்டர்பேடு அங்கேயே கிடந்தது,
‘பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று.
‘அதிலே எழுதினால் பொய்’ என்றார் ததேயுஸ்.
கோலப்பன் வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்தார்.

‘கீழே கையெழுத்திட்ட நாங்கள்
இவரை அறிவோம்.
இவர் எழுதியதை முழுக்க வாசித்தோம்.
மூன்று தவறுகள் கண்டோம்.
மூன்றையும் திருத்தினார்.’

களியக்காவிளையில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் சோபனா
(எல்லையே ஒரு விளைதான்)
அதையே மலையாளத்தில் கீழே அடித்தாள்.
ஆறு கையெழுத்து. சீல் இல்லை.
ஆறாவது கட்டத்தில்
‘இவர்கள்’ என்று எழுதி
அம்புக்குறி போட்டேன்.

அதே கவுண்டர், அதே மனிதர்.
கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.
தாளைத் திருப்பிப் பார்த்தார்,
சீல் பின்னால் இருக்குமோ என்பது போல.

‘மூன்றாவது தவறு எது?’

எதிர்பார்க்காத கேள்வி.
பழைய பத்திரம் ஒன்றில்
‘விலை’ என்று எழுதியிருந்ததை
‘விளை’ என்று படித்துவிட்டேன், சார்.
காசு கொடுத்த இடத்தில்
ஒரு தோட்டத்தைப் பார்த்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.
எழுந்து உள்ளே போனார்.
மின்விசிறியின் சத்தத்தில்
நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது
சட்டைக் கை முழுக்கத் தூசி.